சினார் சிவக்கும் நாளில் அம்மாவுக்கு எழுபது

காஷ்மீரை விட்டு 1990-ல் வெளியேறிய ஒரு குடும்பம், தாயின் பிறந்த நாளை அங்கேயே கொண்டாடப் போனது. காரில் ஒரு பகல் பயணம். வழி நெடுக இலையுதிர் காலம். பயணத்தின் முடிவில் வீடு இல்லை, மரம் இருந்தது.

ஸ்ரீநகரில் அந்த விருந்தினர் விடுதியின் சமையலறையில் விடிவதற்கு முன்பே கடுகெண்ணெய் காயும் வாசனை. புனேயைச் சேர்ந்த மராத்திப் பெண்ணான மருமகள், வடித்த சோற்றில் மஞ்சள் பொடியும் உப்பும் தூவி, காய்ந்த எண்ணெயை அதன் மேல் ஊற்றிக் கிளறினார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தவர் மாமியார். பச்சைக் கம்பளி அங்கி, மூக்குக்கண்ணாடி, முழங்காலில் வலி. அன்று அவருக்குப் பிறந்த நாள். எழுபது நிறைகிறது.

காஷ்மீரப் பண்டிதர்கள் பிறந்த நாளை ஆங்கிலத் தேதிப்படி கொண்டாடுவதில்லை. தமிழ்க் குடும்பங்கள் நட்சத்திரம் பார்ப்பதைப்போல அவர்கள் திதி பார்க்கிறார்கள். இந்தத் தாயின் திதி, வடநாட்டுக் கணக்கில் கார்த்திக மாதத்து வளர்பிறை அஷ்டமி. 2025-ல் அது அக்டோபர் 30 அன்று வந்தது. தமிழகமாக இருந்தால் எழுபதுக்குப் பீமரத சாந்தி என்று கலசம் வைத்திருப்பார்கள். காஷ்மீரத்தில் சடங்கு சிறியது. நெற்றியில் திலகம், மணிக்கட்டில் வண்ண நூல், தஹெர் எனப்படும் மஞ்சள் சோறு. அதைப் பறவைகளுக்கு வைத்து, அக்கம்பக்கத்தாருக்கும் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு விநோதம்: இதே மஞ்சள் சோற்றைக் காஷ்மீர முஸ்லிம்களும் நேர்த்திக்கடனாகச் சமைத்து தர்காக்களில் வழங்குகிறார்கள். சோறு ஒன்று, நேர்ந்துகொள்ளும் இடங்கள்தான் இரண்டு.

35 ஆண்டுகளாக அவர் இந்தச் சோற்றை ஜம்முவில் சமைத்திருக்கிறார். முதலில் முகாமின் கூடாரத்தில், பிறகு ஒற்றை அறையில், கடைசியில் சொந்தமாக வாங்கிய இரண்டு அறை வீட்டில். அக்கம்பக்கத்தார் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்கள். இந்த ஆண்டு பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று புனேயிலிருந்து மகன் தொலைபேசியில் கேட்டபோது, ஹருத் பார்க்க வேண்டும் என்றார்.

ஹருத் என்றால் காஷ்மீரியில் இலையுதிர் காலம். மகனுக்கு அந்தச் சொல் தெரியும். பொருள் அவ்வளவாக நினைவில்லை. ஊரை விட்டுக் கிளம்பியபோது அவருக்கு ஏழு வயது.

மூன்று மணி நேரம்

1990 மார்ச் மாதத்தில் அந்தக் குடும்பம் லாரியில் ஜம்முவுக்கு வந்தது. ஜவாஹர் சுரங்கப் பாதையைக் கடந்து மலைச்சாலையில் ஒரு முழுப் பகலும் பாதி இரவும் பயணம். லாரியில் ஏற்ற முடிந்தது இரண்டு டிரங்குப் பெட்டிகள், ஒரு சமோவர், பள்ளிச் சான்றிதழ்கள். தீவிரவாதிகளின் மிரட்டல்களும் கொலைகளும் தொடங்கிய அந்தக் காலகட்டத்தில் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறியவர்களில் 44,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் நிவாரண அலுவலகப் பதிவேட்டில் இருக்கின்றன. பெரும்பான்மையோர் பண்டிதர்கள், முஸ்லிம், சீக்கியக் குடும்பங்களும் அதில் உண்டு.

இந்த முறை பயணம் ரயிலில். 2025 ஜூன் 6 அன்று தொடங்கப்பட்ட கட்ரா - ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயில், ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. செனாப் ஆற்றுக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாலத்தைப் பேத்தி செல்போனில் படமெடுத்தாள். பாட்டி வெளியே பார்க்கவில்லை. பீர் பஞ்சால் மலையைக் குடைந்த 11 கிலோமீட்டர் சுரங்கத்துக்காகக் காத்திருந்தார். சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்ததும், வரிசை வரிசையாக மஞ்சள் நிறத்தில் நெட்டிலிங்க மரங்களைப்போல நெடிதுயர்ந்த பாப்ளர் மரங்கள். அப்போதுதான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

குடும்பத்தின் பெயரும் கிராமத்தின் பெயரும் அச்சில் வர வேண்டாம் என்பது அவர்கள் வேண்டுகோள். காரணம் பயம் மட்டுமல்ல. கிராமத்தில் இருப்பவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று நினைக்கிறார்கள்.

நெருப்புப் பிடித்த தோப்பு

வாடகைக் கார் முதலில் போனது தெற்கே அல்ல, வடக்கே, ஹஸ்ரத்பல் பக்கம். காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது நசீம் பாக். அக்பர் 1586-ல் காஷ்மீரைக் கைப்பற்றிய பிறகு அமைத்த தோட்டம் இது. பின்னர் ஷாஜஹான் காலத்தில் இங்கே 1,200 சினார் கன்றுகள் நடப்பட்டன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இன்று எஞ்சியவை சில நூறு. 1970களில் அந்தத் தாய் இங்கேதான் முதுகலை படித்தார். பிறகு பள்ளி ஆசிரியை ஆனார்.

சினார் மரத்தைப் பார்க்காத தமிழ் வாசகர்களுக்கு: ஆலமரத்தின் பருமன், விழுதுகள் கிடையாது, விரல்களை விரித்த உள்ளங்கை போன்ற இலை. கிழக்கு ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வளரும் அதே மரம்தான். காஷ்மீரிகள் இதை பூயின் என்கிறார்கள். சினார் என்பது பாரசீகப் பெயர். இலையுதிர் காலத்தில் இதைப் பார்த்த ஒருவர் 'என்ன நெருப்பு இது!' என்று பாரசீகத்தில் வியந்ததிலிருந்து பெயர் வந்ததாக ஒரு கதை உலவுகிறது. மரத்தை மொகலாயர்தான் கொண்டுவந்தார்கள் என்பது சரியல்ல. பட்காம் மாவட்டத்தின் சத்தர்காமில் நிற்கும் சினார் 1374-ல் நடப்பட்டதாக நம்பப்படுகிறது. பாபர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு.

இலை ஏன் சிவக்கிறது? பள்ளியில் படித்ததை ஒப்பிக்கும் தோரணையில் பேத்திதான் பாட்டிக்கு விளக்கினாள். பகல் சுருங்கிக் குளிர் கூடும்போது மரம் இலைக்குப் பச்சையம் தயாரிப்பதை நிறுத்திக்கொள்கிறது. பச்சை போனதும், கோடை முழுவதும் அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. இலையில் தங்கிவிட்ட சர்க்கரையிலிருந்து புதிதாகச் சிவப்பு நிறமி உண்டாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைபனிக்கு எட்டாத குளிரும் இருந்தால் நிறம் தூக்கலாக இருக்கும். பிறகு காம்பின் அடியில் ஒரு தடுப்புச் சுவர் வளர்கிறது. காற்று அடித்தால் இலை விழுகிறது. ஓய்வு பெற்ற ஆசிரியை முழுவதையும் கேட்டுவிட்டு, ஓர் இடத்தில் திருத்தினார்: மஞ்சள் புதிதாக வருவதில்லை, இருந்ததுதான் தெரிகிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமாம்.

தோப்பில் மாணவர்களும் புதுமணத் தம்பதிகளும் இலைகளை வாரி இறைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் இரண்டாவது வாரம்வரை இதுதான் காட்சி.

ஓட்டுநரின் கணக்கு

சுற்றுலாப் பயணிகளைக் கூட்டம் என்று சொல்ல முடியாது. கார் ஓட்டுநர் அனந்த்நாக்கைச் சேர்ந்தவர், நாற்பது வயதிருக்கும். அந்தத் தாயை அவர் 'மோஜி' - அம்மா - என்று அழைத்தார். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமின் பைசரன் புல்வெளியில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவருடைய வண்டி வாரக்கணக்கில் வாசலில் நின்றது. கொல்லப்பட்டவர்களில் சுற்றுலாப் பயணிகளைக் காப்பாற்ற முயன்ற உள்ளூர்க் குதிரைக்காரரும் ஒருவர். தாக்குதலைத் தொடர்ந்து ஏராளமான சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. அச்சபல், கோகர்நாக், வேரிநாக் தோட்டங்கள் ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டன. வங்கிக் கடன் தவணை மட்டும் எந்த மாதமும் மூடப்படவில்லை என்பது ஓட்டுநரின் கணக்கு.

ஸ்ரீநகரைத் தாண்டித் தேசிய நெடுஞ்சாலை 44-ல் தெற்கே திரும்பினால் பத்து, பதினைந்து கிலோமீட்டரில் பாம்பூர். சாலையின் இரு பக்கமும் ஊதா நிறத்தில் குங்குமப்பூ வயல்கள். ஆண்டில் இரண்டு, மூன்று வாரங்கள்தான் பூக்கும். ஒரு பூவில் மூன்றே சிவப்பு இழைகள். ஒரு கிராம் குங்குமப்பூவுக்குச் சுமார் 150 பூக்களைப் பறிக்க வேண்டும். அதிகாலையில் வந்த பெண்கள் கூடையுடன் குனிந்திருந்தார்கள். கார் நின்றது. தாய் இறங்கவில்லை, முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஒரு கைப்பிடிப் பூவை ஜன்னல் வழியாகக் கொடுத்த பெண்ணுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் மஞ்சள் சோறு போயிற்று. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வாயில் போட்டுக்கொண்டு, வாழ்த்திவிட்டுப் போனார்.

கொஞ்ச தூரத்தில் லெத்போரா. 2019 பிப்ரவரி 14 அன்று தற்கொலைத் தாக்குதலில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் உயிரிழந்த இடம். அங்கே காரில் யாரும் பேசவில்லை. ராணுவ வாகன அணி ஒன்று கடந்து போகும்வரை போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு இருக்கையைச் சாய்த்துக்கொண்டார். இந்தச் சாலையில் காத்திருப்பது ஒரு பழக்கம்.

அவந்திபுராவில் 9-ஆம் நூற்றாண்டு அரசர் அவந்திவர்மன் கட்டிய கோயிலின் இடிந்த தூண்கள். சங்கத்தில் சாலையோரம் அடுக்கி உலரவைத்த வில்லோ மரக் கட்டைகள். கிரிக்கெட் மட்டைகளாகப் போகிறவை. பிஜ்பெஹாராவில் ஜீலம் நதியின் இரு கரைகளிலும் தாரா ஷிகோவின் பெயரால் வழங்கும் தோட்டம். அங்கே மூன்று பேர் கைகோத்தாலும் அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க முடியாத சினார்கள். அங்கேதான் மதிய உணவு. பிறந்த நாள் கேக்கை மகன் புனேயிலிருந்தே திட்டமிட்டிருந்தார். ஸ்ரீநகரில் வாங்கி வந்திருந்தார்கள். மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை. மூன்று முறை பற்றவைத்துப் பார்த்துவிட்டு அப்படியே வெட்டினார்கள்.

வீட்டை விட மரம் பத்திரம்

அனந்த்நாக் நகரைத் தாண்டி அச்சபல் போகும் சாலையில், ஒரு கிளைப் பாதை பிரிகிறது. ஓட்டுநர் வழி கேட்கத் தலையை வெளியே நீட்டியபோது, தாய் தேவையில்லை என்றார். ஓடை, மாவு ஆலை, வளைவு, அதன் பிறகு இடது கைப்பக்கம் சினார் தெரியும்.

மாவு ஆலை இல்லை. ஓடை சிறுத்திருந்தது. சினார் தெரிந்தது.

வீடு இருந்த இடத்தில் புது வீடு. சிமென்ட், நீல நிறத் தகரக் கூரை. மரத்தாலும் செங்கல்லாலும் ஆன பழைய மூன்று மாடி வீட்டை 1994-ல் குடும்பத் தலைவர் விற்றார். பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் ஜம்மு முகாம்களில் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி, வந்த விலைக்குச் சொத்துகள் கைமாறின. நெருக்கடியில் நடக்கும் இத்தகைய விற்பனைகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது 1997-ல். இந்தக் குடும்பத்துக்கு அது மூன்று ஆண்டு தாமதம். என்ன விலைக்கு விற்றார் என்பதைக் கணவர் கடைசிவரை மனைவியிடம் சொல்லவில்லை. 2016-ல் அவர் காலமானார்.

வீட்டை இடிக்க முடிந்தது. மரத்தை வெட்ட முடியவில்லை. ஜம்மு-காஷ்மீரில் 1969-ல் இயற்றப்பட்ட மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சொந்த நிலத்தில் நின்றாலும் சினாரை அரசின் அனுமதியின்றி வெட்டக்கூடாது. அனுமதியும் எளிதில் கிடைக்காது. அப்படியிருந்தும் சாலை விரிவாக்கமும் கட்டடங்களும் திருட்டு வெட்டும் பல மரங்களைக் கொண்டுபோயின. 1970களில் பள்ளத்தாக்கில் 42,000 சினார்கள் இருந்ததாகச் சொல்லப்பட்டது. வன ஆராய்ச்சித் துறை அண்மையில் ஒவ்வொரு மரமாக எண்ணி, 28,000-க்கும் மேற்பட்ட மரங்களுக்கு அடையாள எண் கொடுத்திருக்கிறது. அடிமரத்தில் ஒரு சிறிய உலோகத் தகடு. அதிலுள்ள க்யூஆர் குறியீட்டைச் செல்போனில் காட்டினால் இடம், உயரம், சுற்றளவு, வயது எல்லாம் வருகின்றன. மரங்களுக்கான ஆதார் என்று பத்திரிகைகள் இதற்குப் பெயர் வைத்துவிட்டன.

பேத்தி செல்போனை நீட்டினாள். சிக்னல் கிடைத்து, மரத்தின் விவரங்கள் திரையில் வந்தன. பாட்டி தன் பங்குக்குச் சில விவரங்களைச் சேர்த்தார். கிழக்குப் பக்கத்துக் கிளையில்தான் ஊஞ்சல் கட்டினார்கள். அடியில் இருக்கும் பொந்தில் மகன் ஒளிந்துகொண்டு ஒரு மாலை முழுவதும் ஊரைத் தேடவைத்தான். கல்யாணத்துக்கு வந்த சமையல்காரர்கள் இந்த நிழலில்தான் அடுப்பு வெட்டினார்கள். மகன் பொந்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். அவருக்கு நினைவில்லை. ஆனால் நினைவில்லை என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

உப்புத் தேநீர்

வீட்டுக்குள்ளிருந்து முதலில் வந்தது ஓர் இளைஞன். யார், என்ன வேண்டும் என்று கேட்டான். சுற்றுலாப் பயணிகள் மரத்தைப் படமெடுக்க வருவது புதிதல்ல. ஓட்டுநர் காஷ்மீரியில் ஏதோ சொன்னார். இளைஞன் உள்ளே ஓடினான். அடுத்து வந்தவர் பக்கத்து வீட்டு மூதாட்டி, எண்பதை நெருங்குபவர். வேலியைச் சுற்றி வராமல் நேராக ஆப்பிள் மரங்களுக்கு இடையே புகுந்து வந்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அரைக் குழந்தைப் பருவத்துச் செல்லப் பெயர். எழுபது வயதுக்காரரை அந்தப் பெயரால் கூப்பிட உலகத்தில் வேறு யாரும் மிச்சமில்லை.

வீட்டை வாங்கியவரின் குடும்பம் உள்ளே வரச் சொன்னது. தாய் வாசல்வரை போனார். முழங்காலைக் காரணம் காட்டி உள்ளே போகவில்லை. மரத்தடியில் கம்பளம் விரித்தார்கள். நூன் சாய் வந்தது. பால் கலந்து, இளஞ்சிவப்பு நிறத்தில், உப்புப் போட்ட தேநீர். மருமகள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கணவன் பக்கம் தள்ளிவைத்தார். மஞ்சள் சோறு எல்லோருக்கும் வழங்கப்பட்டது. மூதாட்டி தன் கையிலிருந்து ஒரு பிடி எடுத்து மரத்தடியில் பறவைகளுக்கு வைத்தார். 

பேச்சு ஒரே சீராகப் போகவில்லை. யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்ற பட்டியல். அதில் மூதாட்டியின் இளைய மகனும் இருந்தான்; 1990களில் ஒருநாள் வீட்டை விட்டுப் போனவன் திரும்பவில்லை. எப்படி, எங்கே என்று இந்தத் தாய் கேட்கவில்லை. ஏன் அன்றைக்குச் சொல்லாமல் கிளம்பினீர்கள் என்று அந்தத் தாயும் கேட்கவில்லை. இரண்டு கேள்விகளும் கம்பளத்தின் மேல் இருந்தன. இருவரும் தேநீர் குடித்தார்கள்.

திரும்பி வருவீர்களா என்று வீட்டுக்காரரின் மனைவி மரியாதைக்குக் கேட்டார். அரசின் பல மறுவாழ்வுத் திட்டங்களில், வேலை கிடைத்துப் பள்ளத்தாக்குக்கு வந்த பண்டித இளைஞர்கள் சில ஆயிரம் பேர் உண்டு. அவர்களில் பலர் தனிக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். புனேயில் வேலையும் வீட்டுக் கடனும் உள்ள மகனுக்கு அது பொருந்தாது. பேத்திக்குக் காஷ்மீரியே தெரியாது. தாய் பதில் சொல்லாமல் சிரித்தார். மரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். பார்த்துக்கொள்ளாமல் விட்டால் அபராதம் என்று வீட்டுக்காரர் வேடிக்கையாகச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

கரியாகும் இலை

வாசலோரம் இலைகள் ஒரு குவியலாகக் கூட்டி வைக்கப்பட்டிருந்தன. படமெடுக்க அல்ல. காஷ்மீரக் கிராமங்களில் சினார் இலையை மூட்டம் போட்டுக் கரியாக்குவது வழக்கம். புகை மாசு காரணமாக இலை எரிப்பதற்கு அதிகாரிகள் தடை விதித்துவருகிறார்கள். ஆனாலும் குளிர் குறைவதில்லை. டிசம்பர் 21 அன்று தொடங்கும் 40 நாள் கடுங்குளிரில், பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி வைத்த காங்கிரியில் இந்தக் கரி கனன்றுகொண்டிருக்கும். அதை அங்கிக்குள் அணைத்துக்கொண்டுதான் பள்ளத்தாக்கு குளிர்காலத்தைக் கடத்துகிறது. 35 குளிர்காலங்களாக இந்த மரத்தின் இலை தன் வீட்டுக் காங்கிரிக்கு வருகிறது என்றார் மூதாட்டி. நன்றி சொல்வதுபோலவும் இருந்தது, கணக்கு ஒப்படைப்பதுபோலவும் இருந்தது.

ஐந்தரை மணிக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியபோது மரம் உச்சியிலிருந்து இருளத் தொடங்கியது. இருட்டும் முன் நெடுஞ்சாலைக்குப் போய்விட வேண்டும் என்று ஓட்டுநர் அவசரப்படுத்தினார். அச்சபல் தோட்டத்தைப் பார்க்கும் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு சாக்கு ஆப்பிளும் ஒரு பை அக்ரூட்டும் கார் டிக்கியில் ஏறின. வாங்கமாட்டேன் என்று சொல்லும் உரிமை யாருக்கும் தரப்படவில்லை.

திரும்பும் வழியில் மகன் செல்போனில் பஞ்சாங்கம் பார்த்தார். 2026-ல் ஓர் அதிக மாதம் வருகிறது. அதனால் அம்மாவின் திதி தள்ளிப்போய் நவம்பர் 17 அளவில் விழுகிறது. அதற்குள் இலை முழுவதும் உதிர்ந்திருக்கும். பாதி கரியாகக்கூட ஆகியிருக்கும். ஆங்கிலத் தேதிப்படி அக்டோபர் கடைசியிலேயே வந்துவிடலாமே, சிவப்பாக இருக்கும்போது பார்க்கலாமே என்றார் மகன்.

திதியன்றுதான் வர வேண்டும் என்றார் தாய். இலை இல்லாவிட்டால் பரவாயில்லை. ரயிலில் முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன்னால்தான் திறக்கிறது என்று பேத்தி நினைவூட்டினாள். அப்படியானால் செப்டம்பர் 18 என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார்.